எதிர்த்தெருவுக்கு ஒரு குடம்

பாலையாகிப்போன அந்த நகரத்தில், பல்கலைக்கழகம் ஆய்வுக்கு எடுத்த தெருவுக்கு மட்டும் குழாயில் தண்ணீர் வரும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதிர்த்தெரு வறண்டே கிடக்கும். ஒரு செம்பு அங்கே போனாலும் இங்கேயும் நிறுத்திவிடுவார்கள்.

"யக்கா, பிள்ளைக்கு நாக்கு ஒட்டுது" என்று எதிர்த்தெருவிலிருந்து வந்து கெஞ்சினான் தம்பி இசக்கி.

"எம் பிள்ளையளையும் சாவச் சொல்லுதியால?" என்று பேச்சியம்மை கதவைச் சாத்தினாள்.

மறுநாள் இசக்கியின் பிள்ளை செத்துப்போனது. பிணத்தைக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீரை அத்தை பேச்சியம்மைதான் கொண்டுபோக வேண்டும். நிறைகுடத்தோடு படியிறங்கியவள், வாசலில் பல்கலைக்கழக ஆய்வாளரைப் பார்த்ததும் குடத்தை முந்தானையால் மறைத்தாள்.

அவர் வழிவிட்டு நின்றார். "தாராளமா கொண்டு போங்கம்மா. செத்தவங்களை நாங்க ஆய்வுல சேர்க்கிறதில்ல."