ரெண்டு கொம்பு அடாப்டர்

“அண்ணே, இதுல மானிட்டர் மோட் வருமா?”

கிள்ளான் டவுன் கம்ப்யூட்டர் கடையில் விஷ்ணுப்ரியா கேட்டதுதான் தாமதம், பிரிண்டர் மை வாங்க வந்திருந்த கிருபானந்தன் அங்கிளின் காது ரெண்டும் நிமிர்ந்துகொண்டன.

கடைக்காரர் சுகுமாறன் ஒரு வைஃபை அடாப்டர் பெட்டியை எடுத்துத் தூசியை ஊதினார். “எல்லாம் வரும்லா. பாரு, ரெண்டு கொம்பு! டிக்டாக் சும்மா பறக்கும்.”

“டிக்டாக் பறக்க வேணாம்ணே. லினக்ஸ்ல ஓடணும். எந்த வெர்ஷன்? ஒண்ணா, ரெண்டா?”

“பெட்டி ஒரே பெட்டிதானேம்மா.”

“பெட்டி ஒண்ணுதான். ரெண்டாவது வெர்ஷன்ல உள்ள இருக்குற சிப்ப மாத்திட்டாங்க. அது லினக்ஸ்ல மக்கர் பண்ணும். வைஃபைல யார் யார் தொத்திக்கிட்டிருக்காங்கன்னு காட்டாது.”

சுகுமாறன் பெட்டியின் அடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “வெர்ஷன் ஒண்ணு! உனக்காகத்தான் எடுத்து வெச்சிருந்தேன்” என்றார், மிச்சத் தூசியைச் சட்டையில் துடைத்தபடி.

“எக்ஸ்கியூஸ் மீ!” அங்கிள் குறுக்கே பாய்ந்தார். “பிள்ளை, அடுத்தவன்ட வைஃபைய எட்டிப் பாக்கிற மெஷினா இது?”

“செக்யூரிட்டி டெஸ்டிங், அங்கிள். காலேஜ்ல அதான் படிக்கிறேன். சொந்தக்காரங்க அனுமதி குடுத்தா...”

“நோ, நோ, நோ! தேர்ட்டி டூ இயர்ஸ் கவர்மென்ட் சர்வீஸ். ஒரு ஆபீஸ் பேனா என்ட வீட்டுக்குள்ள வந்திருக்குமா? என்ட மிஸிஸ் குணபூசணியக் கேட்டுப் பார்!”

அங்கிள் கோயில் செயலாளர். வீடு கோயில் மதிலை ஒட்டியே இருக்கிறது. கோயில் ஹாலில், எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பதினேழு மாணவர்களுக்கு விஷ்ணுப்ரியா இலவச டியூஷன் எடுக்கிறாள். ஆன்லைன் மாதிரித் தேர்வு பாதியில் இருக்கும்போது கோயில் வைஃபை பொசுக்கென்று படுத்துவிடும்.

இத்தனைக்கும் பாஸ்வேர்ட் அங்கிளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல மாட்டார். ஒவ்வொரு பிள்ளையின் போனையும் வாங்கி, ஓட்டுப் போடுகிற மாதிரி கையால் மறைத்துக்கொண்டு, அவரே தட்டிக் கொடுப்பார்.

அன்று சாயங்காலமே கோயில் வாட்ஸ்அப் குழுவில் அவர் பதிவு வந்துவிட்டது: ‘எச்சரிக்கை!!! நம் ஹாலில் பாடம் நடத்தும் பெண் ஹேக்கிங் மெஷின் வாங்கினார். கண்ணால் கண்டேன். நாளைக் கூட்டத்தில் முடிவெடுப்போம். ஓம் சரவணபவ.’

பதினோரு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் ரோஜாப்பூ அனுப்பி ‘குட் மார்னிங்’ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம். பதினேழு பேரும் ஹால் ஓரத்தில் நின்றார்கள்.

“வைஃபை லைன் போதாததுக்கு இந்தப் பிள்ளைகள்தான் காரணம்! எக்ஸாம் எண்டு சொல்லி வீடியோ பாக்கினம். கிளாஸ இண்டையோட நிப்பாட்டுவம். லைன் மட்டும் இருக்கட்டும். அது சாமி சொத்து!” என்றார் அங்கிள்.

“எக்ஸாமுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு, அங்கிள்.”

“தட் இஸ் நாட் மை டிபார்ட்மென்ட்!”

லோரி கம்பெனி வைத்திருக்கும் கோயில் தலைவர் பழனியப்பன் தொண்டையைச் செருமினார். “அந்த மெஷின வாங்கச் சொன்னதே நான்தான்யா. லைன் எங்க ஒழுகுதுன்னு பாக்க வேணாமா? கையெழுத்துப் போட்டு அனுமதி குடுத்திருக்கேன். நீ பண்ணும்மா.”



விஷ்ணுப்ரியா லேப்டாப்பில் ரெண்டு கொம்பைச் சொருகினாள். “எல்லாரும் போன ஆஃப் பண்ணுங்க.”

பதினேழு போனும் அணைந்தன. கமிட்டிக்காரர்களும் முனகிக்கொண்டே அணைத்தார்கள்.

“இன்னும் ஒண்ணு ஓடுது” என்றாள். “மொத்த லைனையும் அதுதான் குடிக்குது.”

“பாத்தீங்களா!” அங்கிள் துள்ளி எழுந்தார். “யாரோ ஒருத்தன் இன்னொரு போன ஒளிச்சு வெச்சிருக்கிறான்! பையளச் சோதிக்க வேணும். ஒவ்வொரு பையா! களவெடுக்கிறதுக்கு இந்த வயசிலயே பழகுதுகள்!”

பதினேழு பைகளும் மேசைக்கு வந்தன. அங்கிள் முதல் பையின் ஜிப்பில் கை வைத்தார்.

“இருங்க அங்கிள், பைய எதுக்குக் கொட்டணும்? அந்த ஒண்ண மட்டும் கழட்டிவிடுறேன். யாருக்கு நின்னுபோச்சோ, அவங்களே சத்தம் போடுவாங்க.”

ஒரு தட்டுத் தட்டினாள்.

ஹாலில் காற்றாடிச் சத்தம் மட்டும்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குணபூசணி ஆன்டியின் குரல் கணீரென்று வந்தது:

“இஞ்சேருங்கோ! சீரியல் நிண்டுபோச்சு, டிவி பாஸ்வேர்ட் கேக்குது! கும்பாபிஷேகத் தேதிக்குப் பிறகு என்னவோ ஒண்டு அடிப்பீங்களே, அது என்ன?”