தொடக்கக் கோடு

மலைச்சாலையில் பந்தயம் தொடங்கப்போகிறது. பழைய பைக்குகளின் டாங்குகள் மேல் காலை வெயில் வழுக்குகிறது. அவர் ஏழாவது முறையாகக் கிக்கரை உதைக்கிறார். இன்ஜின் மூச்சே காட்டவில்லை. ஓட்டுகிறவரே உதைத்துக் கிளப்ப வேண்டும் என்பது இங்கே விதி. ஒருகாலத்தில் ஒரே உதையில் கிளப்பி, மனைவியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் பறப்பார்.

"மச்சான், உதைக்கிறீங்களா, கெஞ்சுறீங்களா?" பக்கத்து பைக்கிலிருந்து அவள் தம்பி கத்துகிறான்.

ஸ்டாப்வாட்சுடன் ஓரமாக நிற்கும் அவள் சிரிக்கவில்லை. லாரியில் ஏற்றும்போது மூடிய பெட்ரோல் டேப்பை அவர் திறக்க மறந்ததை முதல் உதையிலேயே பார்த்துவிட்டாள். சொன்னால் வண்டி கிளம்பிவிடும். போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், மருத்துவர் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் வாயைத் திறக்காமல் நிற்கிறாள். கால் கடுக்கிறது.

அவர் குனிகிறார். கை டாங்குக்கு அடியில் போய், டேப்பைத் தொட்டு நிற்கிறது. நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். அவள் பார்வையை விலக்கவில்லை. மற்ற பைக்குகள் உறுமுகின்றன. அவர் கையை வெளியே எடுக்கிறார். டேப்பைத் திருப்பவில்லை. இன்னும் ஒரு தடவை, மெதுவாக, உதைக்கிறார்.

"இன்னிக்கு இது வராது மாப்ளே, நீ போ" என்று ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்கிறார்.