கவிழ்ந்த இரண்டு ஏஸ்

செபு நகரத்துச் சீட்டு அறையின் ஒரே ஜன்னலில் மாலை மழை வழிந்துகொண்டிருக்கிறது. மேசையில் மூன்று பேர் மிச்சம். கடைசிவரை நிற்கும் இரண்டு பேருக்கு மக்காவ் பயணம் பரிசு. மக்காவில் ஒரு ஓட்டல் சமையலறையில் மிராசோலின் கணவன் இருக்கிறான். இத்தனை வருடமாகத் தொலைபேசியில் வெறும் குரலாக. அவளுக்கு எதிரே பால்டோ தன் பந்தய வில்லைகள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டுப் பூண்டுக்கடலை மெல்லுகிறான். இந்த ஆட்டத்தில் சீட்டை வீசிவிட்டு விலகிய கிழவர் நெமேசியோவிடம் இருப்பது ஒரே வில்லை; அடுத்த ஆட்டத்தில் அதை அவர் வைத்தே ஆகவேண்டும், தோற்றால் அவர் வெளியே, மற்ற இருவருக்கும் மக்காவ். மிராசோல் சீட்டின் ஓரத்தை நகத்தால் தூக்குகிறாள். இரண்டு ஏஸ். முதல் இரண்டு சீட்டில் இதைவிடப் பெரிய கை கிடையாது. ஆனாலும் எல்லாவற்றையும் வைத்துத் தோற்றால், மக்காவ் இல்லை. விரல்கள் தாமாகவே வில்லைக் குவியலை நோக்கி நகர்கின்றன.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா? வைங்க, இல்லேன்னா வீட்டுக்குப் போய்ச் சோறாக்குங்க."

"கத்தாதடா பால்டோ" என்கிறாள் மிராசோல்.

கணவனின் கழுத்தோரத்து எண்ணெய் வாசனையை நினைத்துப் பார்க்கிறாள், வர மறுக்கிறது. சீட்டுகளைக் கவிழ்த்தபடியே தள்ளிவிடுகிறாள்.

"பயந்துட்டாங்க!" பால்டோ சிரிக்கிறான்.

நெமேசியோ சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்குத் தன் கடைசி வில்லையை முன்னால் வைக்கிறார். "கிழவன் எப்போ போவான்னு காத்திருக்கியாம்மா?"

நல்ல மனிதர். அவர் தோற்க வேண்டுமென்று, அவரை நிமிர்ந்து பார்க்காமல், அவள் வேண்டிக்கொள்கிறாள்.