வேலி ஓரத்தில்

"நான் போட்ட கோட்டை அழிச்சது யாரு?" கொத்தனார் கேட்டார்.

"நான்தான்." காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொடியை மாமியார் உதறினாள். "கக்கூஸ் இங்க வேணாம். அதோ, அந்த வேலி ஓரமா கட்டு."

மருமகளுக்குத் திக்கென்றது. கழிப்பறை கட்ட மகளிர் குழுவில் கடன் கேட்டு, தன் முறைக்காக ஒரு வருடமாகக் காத்திருந்தாள். இன்று கடன் அதிகாரி வந்து, இடத்தைப் பார்த்துச் சரி என்றால்தான் பணம். இல்லையென்றால் முறை அடுத்தவளுக்குப் போய்விடும். மறுபடி விடியுமுன் எழுந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு புதர்ப் பக்கம் நடக்க வேண்டியதுதான்.

"அத்தை, சமையல்கட்டுக்குப் பின்னாடின்னு நேத்தே பேசி முடிச்சோமே!"

"நேத்து நீ பேசினே. நான் கேட்டுக்கிட்டிருந்தேன். சரின்னு சொன்னேனா?"

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது மாமியாரின் ஓரகத்தி வீடு. மருமகளுக்குப் பெரியத்தை. பாகம் பிரித்தபோது வேலியை ஓர் அடி தள்ளிப் போட்டது யார் என்று கிளம்பிய சண்டையில் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. அன்றிலிருந்து மாமியார் வாயில் அவள் 'அந்த மகராசி'தான்.

கொத்தனார் கண்ணைச் சிமிட்டினார். "புரியுது பெரியம்மா. நம்ம வீட்டு வாசம் அவங்க ஜன்னல் வழியாப் போகணும். அதானே?"

"உன்னைக் கரண்டி பிடிக்கத்தான் கூப்பிட்டேன். வாய்க்குத் தனிக் கூலி கிடையாது."

அதற்குள் கடன் அதிகாரி வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினாள்.

"வேலி ஓரம்னா பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதிக்கணும்மா. அவங்க மாட்டேன்னா நான் பணம் தர முடியாது. கூப்பிடுங்க, கேட்டுடலாம்."

மருமகள் மாமியாரை ஓரமாக இழுத்துப் போனாள். "உங்க சண்டைக்கு என் கக்கூஸ்தானா கிடைச்சுது? பெரியத்தை எப்படி ஒத்துக்குவாங்க? கையில வந்த கடன் போயிடும் அத்தை!"

"கூப்பிடு" என்றாள் மாமியார். அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் மருமகள் வேலியருகே போய்க் குரல் கொடுத்தாள். பெரியத்தை கோலை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தாள். தனிக்கட்டை. போன மழையில் சேற்றில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டதிலிருந்து அவள் நடை அப்படித்தான்.

அதிகாரி சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டாள். மாமியார் நின்ற பக்கம் திரும்பவேயில்லை.

"இவ்வளவு பெரிய கொல்லையில என் ஜன்னல்தான் கண்ணுல பட்டுதாக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கட்டிக்கட்டும் மேடம். எனக்குச் சம்மதம். சின்னப் பொண்ணு, தினம் இருட்டுல போயிட்டு வர்றா. அவ திரும்பி வர்ற சத்தம் கேக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வர்றதில்லை. நாத்தம்தானே, ஜன்னலைச் சாத்திக்கிறேன்."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியத்தையை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. கொத்தனாரும் கேலியை விட்டுவிட்டு டேப்பை எடுத்தார்.

"கேட்டீல்ல, ஆக வேண்டியதைப் பாரு" என்று மாமியார் அவரை விரட்டினாள். "கதவு மட்டும் ரெண்டு வைக்கணும்."

"ஒரு கக்கூஸுக்கு எதுக்கும்மா ரெண்டு கதவு? உள்ள போக ஒண்ணு, வெளிய வர ஒண்ணா?"

மாமியார் வேலியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தப் பக்கம் எங்களுக்கு ஒண்ணு. இந்த வேலியைப் பிரிச்சுப் போட்டுட்டு, அந்தப் பக்கம் ஒண்ணு. அங்க படி வைக்காதே, சரிவாக் கட்டு… எங்க அக்காவால காலைத் தூக்கி வைக்க முடியாது."