பதினோரு நிமிடம்

பிஸ்கட் கிடங்கில் எந்த வண்டி எந்தக் கடைக்குப் போவது என்று கணினியில் வழி போட்டுக் கொடுப்பவள் செண்பகவல்லி. நான்காம் வண்டியை ஓட்டுபவன் அவள் கணவன் தங்கமுத்து. எல்லாக் கடைகளிலும் நான்கு நிமிடத்தில் சரக்கை இறக்கிவிடும் அவன், ஜெசிந்தாவின் கடையில் மட்டும் தினமும் பதினோரு நிமிடம் நிற்பதைத் திரை காட்டியது. ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு அந்தக் கடையை இருதயராஜின் வண்டிக்கு மாற்றினாள். தங்கமுத்து ஏனென்று கேட்கவில்லை. அது அவளை இன்னும் எரித்தது.

மறுநாள் திரும்பி வந்த இருதயராஜ் ரசீதுகளை மேசையில் வைத்தான்.

"ஜெசிந்தாக்கா உங்களத்தான் விசாரிச்சாங்க மதினி. முதுகுவலி தேவலையா, தூங்குறீங்களான்னு கேட்டாங்க. அண்ணன் தெனமும் சொல்லி வருத்தப்படுவாராம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறது என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் தங்கமுத்து சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்திருக்கிறான்.