எட்டாவது ஃபேடர்

கச்சேரிக்கான புது ஒலி மிக்ஸர் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பாட்டுக்குப் பாட்டு அளவுகளைச் சேமித்து வைத்தால் போதும். பொத்தானை அமுக்கியதும், ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் தாமாகவே ஏறி இறங்கி அதனதன் இடத்தில் நிற்கும். மிக்ஸரை இயக்கும் அக்காவுக்கு அதைப் பார்ப்பதில் கொள்ளை ஆசை. ஆனால் இன்று அவள் கண் மேடையிலேயே இருந்தது. தங்கைக்கு இது முதல் மேடை. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் சரணத்தின் உச்சியில் அவள் குரல் உடைந்துபோயிருந்தது.

மைக் சோதிக்கும்போது எட்டாவது ஃபேடரின் பச்சை விளக்கு துள்ளியது. அதில் ஒயரே செருகியிருக்கவில்லை.

"என்னங்க, இதுல யாரோ பேசற மாதிரி காட்டுது."

"வீட்ல நான் பேசறப்ப ஒரு விளக்கும் எரியறதில்ல. அவங்களுக்காவது எரியட்டுமே," என்றார், ஒயரை இழுத்துக்கொண்டிருந்த கணவர்.

அவள் சிரித்துக்கொண்டே அந்த ஃபேடரைக் கீழே இறக்கிவிட்டாள்.

பாட்டு உச்சிக்கு வந்தது. தங்கையின் குரல் நடுங்கியது. எட்டாவது ஃபேடர் மெல்ல மேலே நகர்ந்தது. இன்னொரு பெண்குரல் அந்த வரியைத் தாங்கிப் பிடித்தது. தங்கை அதைப் பற்றிக்கொண்டு ஏறிவிட்டாள். அரங்கமே கைதட்டியது.

தங்கை ஓடி வந்தாள். "அக்கா, சரியான நேரத்துல கூடப் பாடினியே! அடுத்ததுக்கும் பாடுடி, என் செல்லம்ல!"

அக்காவிடம் மைக்கே கிடையாது. ஹெட்ஃபோனை மாட்டி எட்டாவதை மட்டும் கேட்டாள். யாரோ தண்ணீர் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"பாடிட்டாப் போச்சு, போ," என்று தங்கையை மேடைக்கு அனுப்பிவிட்டு, அக்கா அடுத்த பாட்டின் பொத்தானை அமுக்கினாள்.