கிளிஞ்சல் மூட்டை

கோழிக் கொட்டகையில் அவள் இரண்டு முட்டைகளைக் காதருகே வைத்து மெல்லத் தட்டினாள்.

கிண்.

வேறு இரண்டு எடுத்தாள். கிண்.

தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பத்து நாளைக்கு முன் இதே கோழிகளின் முட்டைகள் தப் தப்பென்றன. விரல் பட்டாலே ஓடு உள்ளே போயிற்று. முட்டை வண்டி நல்லசிவம் பாதித் தட்டுகளைத் திருப்பி இறக்கினான்.

"ஏக்கா, இதைத் தட்டுல அடுக்கறதுக்குப் பதிலாத் தூக்குப்போசியில ஊத்திக் குடுத்துருங்க."

அதைச் சிரித்தபடி சொன்னான். இன்னொரு தடவை இப்படி என்றால் வண்டி வராது என்பதைச் சிரிக்காமல் சொன்னான்.

கிளிஞ்சல் தின்றால்தான் கோழிக்கு ஓடு கெட்டிப்படும். மாதக்கணக்கில் அது வரவில்லை. ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் அரித்தால் கிளிஞ்சலைவிடக் குப்பைதான் அதிகம் கிடைக்கிறதாம். தீவனக் கடையில் சொன்னார்கள். அவள் கல்தூளைக் கலந்து பார்த்தாள். சரிப்படவில்லை.

எட்டு நாளைக்கு முன் ஒரே ஒரு மூட்டை வந்தது.

அவள் கடலைப் பார்த்ததில்லை. மூட்டை பிரித்த அன்று விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

இன்று மூட்டையின் அடிக்கு வந்தாயிற்று. முறத்தில் கொட்டினாள்.

வெள்ளைக்கு நடுவே ஒரு நீலம்.

கோழிகளுக்குக் கொடுக்கும் சத்துமருந்துப் புட்டியின் மூடி. தான்தான் தவறவிட்டிருக்க வேண்டும்.

எறியப் போனாள். விரலில் ஏதோ உரசியது.

மூடியின் உள்விளிம்பில் மிளகளவு சிப்பி ஒன்று ஒட்டி வளர்ந்திருந்தது. நகத்தால் நெம்பினாள். வரவில்லை.

கொட்டகைக்குப் பின்னால், ஆற்றில் போய்ச் சேரும் ஓடை. காலிப் புட்டிகளை அந்தச் சரிவில்தான் எறிவார்கள். ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை வந்து ஓடையைத் துடைத்து வைத்துவிடும். பார்க்கவே நன்றாக இருக்கும்.

மழை போன பிறகு புட்டிகளை அவள் நினைத்ததே இல்லை.

ஹாரன் கேட்டது.

நல்லசிவம் இரண்டு முட்டைகளைத் தட்டினான். புருவம் உயர்ந்தது.

"கிண்ணுனு இருக்குதுங்க்கா! வாரா வாரம் வாறனுங்க."

ஒரு தட்டுகூடத் திரும்பவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

கிழக்கே மேகம் கறுத்திருந்தது.

மூடியை முந்தானையில் முடிந்தாள். காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

முதல் சொட்டு விழுந்தபோது சாக்கு கழுத்துவரை நிறைந்திருந்தது.

இன்னொரு சாக்கு எடுக்க ஓடினாள்.